அறுத்த பலகையைப் பண்டல் கட்டி அனுப்புவது: பட்டையும் கருவியும் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

மரமில்லில் பேக்கிங் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் பெரும்பாலும் முதலில் கருவியை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அந்தக் கருவிக்குப் பொருந்தும் பட்டை (பண்டலைச் சுற்றி இறுக்கும் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் நாடா), அந்தப் பட்டை தாங்கும் அளவுக்குப் பண்டல் என்று பின்னோக்கிப் போகிறார்கள். வழியில் பட்டை தளர்ந்து பலகை சரிவது பெரும்பாலும் இதனால்தான். சரியான வரிசை இது: மரத்தின் ஈரம், பண்டலின் அளவும் எடையும், போகும் வழி, பட்டை, இணைப்பு, கடைசியில் கருவி. ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும் என்பதால் நடுவில் எதையும் தாண்டாதீர்கள்.

அறுத்த பலகை, சட்டம், ரீப்பர் ஆகியவற்றை லாரியிலோ கண்டெய்னரிலோ அனுப்பும் மில்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். முழு உருட்டு மரத்துக்குச் சங்கிலியும் கம்பி வடமும் வேண்டும். அது வேறு வேலை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஈரப்பத மீட்டர், டேப், எடை மேடைச் சீட்டு (அல்லது கன அளவை வைத்துப் போட்ட கணக்கு), பட்டை வெட்டும் கட்டர், தடித்த கையுறை, கண்ணாடி, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ. கண்ணாடியைக் கடைசி நிமிடம் தேடக்கூடாது. இறுகிய ஸ்டீல் பட்டை அறுந்தால் முகத்தை நோக்கித்தான் துள்ளும்.

பட்டை விற்பவரிடம் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். அகலம், தடிமன், அறுபடும் சுமை, நீட்சி விகிதம் ஆகிய 4 எண்களும் அதில் இருக்க வேண்டும். ரோலின் மேல் ஒட்டிய சீட்டில் அகலமும் எடையும் மட்டும் இருந்தால் கீழே சொல்லும் எந்தக் கணக்கையும் போட முடியாது.

## 2. முதலில் ஈரத்தை அளக்கவும்

மொத்த வேலையிலும் இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30%க்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரம் சுருங்க ஆரம்பிக்கும். பச்சையாக அறுத்த பலகையை 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்துக்கு அடுக்கிக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 15% வரை காய்வதற்குள் அகலத்தில் 3%, உயரத்தில் 1.5% சுருங்கினால், அகலத்தில் 30 மி.மீ., உயரத்தில் 15 மி.மீ. குறையும். பட்டை நான்கு பக்கமும் சுற்றி வருவதால் சுற்றளவில் இரு மடங்கு, அதாவது 90 மி.மீ. குறையும்.

இதோடு பட்டையை ஒப்பிடுங்கள். 19 மி.மீ. அகலம், 0.56 மி.மீ. தடிமன் உள்ள ஸ்டீல் பட்டையை 400 கிலோ விசையில் இறுக்கினால், 4 மீட்டர் சுற்றில் அது நீள்வது 7, 8 மி.மீ. மட்டுமே. மரம் சுருங்கும்போது பட்டை திரும்பச் சுருங்கி ஈடுகட்டக்கூடியதும் அவ்வளவுதான். மீதி 80 மி.மீ.க்கு மேல் வெறும் தொங்கல். நான்கு நாள் வெயிலில் நின்ற பச்சைப் பண்டலின் ஸ்டீல் பட்டைக்கு அடியில் முழு உள்ளங்கையை நுழைக்க முடிவது இதனால்தான். கட்டியவர் இறுக்கவில்லை என்று அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

பாலியெஸ்டரில் செய்த பெட் பட்டை, வேலை செய்யும் இறுக்கத்திலேயே 2% அளவுக்கு நீளும். 4 மீட்டருக்கு அது 80 மி.மீ. அதில் பெரும்பகுதியை மரம் சுருங்கச் சுருங்கத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காயாத மரத்துக்கு அறுபடும் சுமையைவிட இந்த மீள்தன்மைதான் முக்கியம்.

எனவே லாட்டில் பத்துப் பதினைந்து பலகைகளை எடுத்து, ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பலகையின் இரு முனைகளும் எப்போதும் முன்னதாகக் காய்ந்திருக்கும். அங்கே வரும் எண்ணை நம்பினால் முழு லாட்டும் காய்ந்ததாகத் தெரியும். 18%க்குக் கீழே இருந்தால் காய்ந்த மரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே என்றால் ஸ்டீலைத் தவிர்க்கவும். 25%க்கு மேல் என்றால் பெட் பட்டையும் தனியாகப் போதாது. லோடு ஏற்றும் நாள் காலையில் புதுப்பட்டை போட்டு மறுபடி இறுக்க வேண்டும். அந்தப் பட்டைச் செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

## 3. பண்டலின் அளவை வண்டியிலிருந்து பின்னோக்கி முடிவு செய்யவும்

கண்டெய்னரின் உள் அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர், கதவின் உயரம் 2.28 மீட்டர். பண்டல் 1.1 மீட்டர் அகலம் இருந்தால் இரண்டு பண்டல்களைப் பக்கத்தில் பக்கம் வைத்தபின் 15 செ.மீ. இடைவெளி கிடைக்கும். உயரத்தில் இரண்டு அடுக்கு வைக்க வேண்டுமானால் அடிக்கட்டையையும் சேர்த்து ஒரு பண்டல் 1.05 மீட்டரைத் தாண்டக்கூடாது. மேல் பண்டலைத் தூக்கி உள்ளே கொண்டுபோக ஃபோர்க்லிஃப்டுக்கும் இடம் வேண்டுமல்லவா?

அளவு முடிவானதும் எடை. 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், 2.4 மீட்டர் நீளம் என்றால் 2.4 கன மீட்டர். கன மீட்டருக்கு 600 கிலோ உள்ள காய்ந்த ரப்பர் மரம் என்றால் 1,400 கிலோவுக்கு மேல் வரும். இடையில் ரீப்பர் வைத்து அடுக்கியிருந்தால் காற்றிடைவெளியால் கொஞ்சம் குறையும். அதே மரம் பச்சையாக இருந்தால் எடை வெகுவாக ஏறும். ஆகவே பழைய பில்லில் இருக்கும் எடையை நம்பாமல் அந்தந்த லாட்டை எடை போடுங்கள்.

ஒரு பண்டலில் ஒரே நீளமுள்ள பலகைகளை மட்டும் வையுங்கள். நீளம் கலந்தால் குட்டைப் பலகை பட்டைக்கு அடியிலேயே வராமல், வண்டி பிரேக் போட்டதும் அம்பு மாதிரி முன்னால் பாயும். வேறு வழியே இல்லாதபோது குட்டைப் பலகைகளை நடுவில் வைத்து, சுற்றிலும் முழு நீளப் பலகைகளை வைக்கவும்.

## 4. போகும் வழியை எழுதிவைக்கவும்

செங்கோட்டையிலிருந்து மதுரைக்கு ஒரு நாளில் போய் இறங்கும் லோடும், தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னரில் ஏறிப் பல வாரம் கடலில் போகும் லோடும் ஒன்றல்ல. நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எத்தனை முறை ஏற்றி இறக்குவார்கள்? வெயிலிலும் மழையிலும் எத்தனை நாள் நிற்கும்? இறக்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் உண்டா? வாங்குபவரின் நாட்டில் மரப் பேக்கிங்குக்கு என்ன விதி?

கடைசிக் கேள்விக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்றுமதியில் பண்டலுக்கு அடியில் வைக்கும் கட்டையும், கண்டெய்னருக்குள் முட்டுக்கொடுக்கும் கட்டையும் ஐஎஸ்பிஎம் 15 என்ற, மரப் பேக்கிங் வழியாகப் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதிக்குள் வரும். மரப்பட்டை உரித்த மரமாக இருக்க வேண்டும், வெப்ப முறையில் பதப்படுத்தினால் மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், முத்திரையும் வேண்டும். சரக்கைக் கவனமாகப் பதப்படுத்திவிட்டு, அடிக்கட்டைக்குக் கழிவு மரத்தை வைத்து அனுப்புபவர்கள் உண்டு. மறுகரையில் அந்தக் கட்டையால் மொத்தக் கண்டெய்னரும் நிற்கும்.

பண்டலைப் பட்டையோடு வெப்ப அறைக்குள் தள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பட்டை எதுவும் இறுக்கத்தை வைத்துக்கொள்ளாது. வெளியே எடுத்து, ஆறியபின் கட்டுங்கள்.

## 5. பட்டையின் வகையைத் தேர்ந்தெடுக்கவும்

பிபி (பாலிப்ரொப்பிலீன்) பட்டை. அட்டைப்பெட்டிக்கு நல்லது, பலகைப் பண்டலுக்கு வேண்டாம். இறுக்கிய சில மணி நேரத்திலேயே இறுக்கத்தில் பெரும்பகுதியை விட்டுவிடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். யார்டுக்குள் ரீப்பர்களைச் சின்னக் கட்டாகக் கட்டிவைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பெட் பட்டை. பெரும்பாலான பலகைப் பண்டல்களுக்கு இதுதான் சரி. சுருங்கும் மரத்தோடு தானும் சுருங்கும். மழையில் ஊறி மரம் பருத்தாலும் அறுந்துவிடாமல் இடம் கொடுக்கும். துருப்பிடிக்காது. கூர்மையான விளிம்புதான் இதன் எதிரி; அதற்கு வழி 9-வது படியில்.

ஸ்டீல் பட்டை. காய்ந்த, கனமான சதுரக் கட்டைகள், ரயில்வே ஸ்லீப்பர் மாதிரி விளிம்பு கூரான பெரிய சட்டங்கள் ஆகியவற்றுக்கு. ஈரமான மரத்தில் தளர்வது போக, இன்னொரு சேதமும் உண்டு. வேல மரம், யூகலிப்டஸ் போலத் துவர்ப்புச் சத்து நிறைந்த மரங்களில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை படியும். இழைப்பதற்கு மிச்சம் வைத்து அறுத்த பலகை என்றால் தப்பிக்கலாம். அளவுக்கு இழைத்து முடித்த பலகை என்றால் வாங்குபவர் அந்த வரிசையையே கழித்துவிடுவார்.

நெய்த பாலியெஸ்டர் பட்டை. துணி நாடா போல இருக்கும், கம்பிக் கொக்கியில் கோத்து இறுக்குவது. கண்டெய்னருக்குள் பண்டல்களைச் சேர்த்துக் கட்டி நிறுத்த அருமையானது. அவிழ்ந்தாலும் அறுந்தாலும் ஆளை வெட்டாது.

விலையைக் கிலோவில் ஒப்பிடாதீர்கள். மேலே சொன்ன 19 × 0.56 ஸ்டீல் பட்டை மீட்டருக்கு 83 கிராம் வரும். கிலோவுக்கு 12 மீட்டர். 16 × 0.9 பெட் பட்டை மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம்; கிலோவுக்கு 50 மீட்டர். கிலோ விலையில் பெட் அதிகமாகத் தெரியும். பண்டலுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

## 6. அகலம், தடிமன், எண்ணிக்கை

அறுபடும் சுமையில் 40 முதல் 50% வரை மட்டுமே இறுக்குங்கள். மீதி, வண்டி குலுங்கும்போது வரும் கூடுதல் விசைக்கான கையிருப்பு. சர்டிபிகேட்டில் 600 கிலோ என்றிருக்கும் பெட் பட்டையை 240 முதல் 300 கிலோ வரை இறுக்கலாம்.

800 கிலோ வரை உள்ள பண்டலுக்கு 16 மி.மீ. பெட் பட்டை போதும். அதற்கு மேலே 19 மி.மீ. அகலத்துக்குப் போங்கள். பட்டை எத்தனை என்பதை எடையை விட நீளம்தான் தீர்மானிக்கிறது: 2.4 மீட்டர் வரை குறைந்தது 2 (அந்த எல்லைக்கு அருகில் என்றால் 3 நல்லது), 3.6 மீட்டருக்கு 3, 4.8 மீட்டருக்கு 4. கடைசிப் பட்டை முனையிலிருந்து 30 செ.மீ. உள்ளே இருக்கட்டும். அதிகமாக உள்ளே போனால் முனைகள் விசிறிபோல விரியும்.

ஒரு பட்டையைப் பலமாக இறுக்குவதைவிட இரண்டு பட்டைகளை அளவாக இறுக்குவது நல்லது. ரப்பர், பைன் போன்ற மென்மையான மரங்களில் அதிக இறுக்கம் மேல் பலகையின் விளிம்பைக் கடித்துவிடும்.

## 7. இணைப்பைத் தீர்மானிக்கவும்

பட்டை அறுவதைவிட, அதன் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பு வழுக்குவதுதான் அதிகம். கிளிப்பா, உரசி உருக்கி ஒட்டும் வெல்டா என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள்.

பெட் பட்டைக்கு உள்பக்கம் சொரசொரப்பான கிளிப்தான் பிடிக்கும். ஸ்டீல் பட்டைக்கான வழுவழுப்பான கிளிப்பை இதில் போட்டு நெரித்தால் பார்க்க உறுதியாகத் தெரியும், முதல் குலுக்கலில் உருவிக்கொண்டு வந்துவிடும். புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு இது. கிளிப்பின் அகலம் பட்டையின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்; 19 மி.மீ. கிளிப்பில் 16 மி.மீ. பட்டை நிற்காது.

சரியான வெல்ட், பட்டையின் பலத்தில் முக்கால் பங்கு வரை தாங்கும். பெட் பட்டையில் கிளிப் அந்த அளவுக்கு வராது. எனவே கனமான பண்டலுக்குக் கிளிப் முறையையே வைத்துக்கொள்வதாக இருந்தால், இறுக்கத்தைக் குறைத்து ஒரு பட்டையைக் கூட்டுங்கள்.

## 8. இப்போது கருவி

பட்டையைத் தண்டில் சுற்றி இழுக்கும் டென்ஷனர்: பெட் பட்டைக்கும் நெய்த பட்டைக்கும். இவை நிறைய நீள்வதால், நீண்ட பட்டையைச் சுற்றி உள்வாங்கும் தண்டு தேவை.

பல் சக்கர டென்ஷனர்: தட்டையான மேற்பரப்புள்ள பண்டலில் ஸ்டீல் பட்டைக்கு. இதன் அடித்தகடு மரத்துக்கும் பட்டைக்கும் நடுவில் உட்காரும். சவுக்குக் கம்பு மாதிரி உருண்ட கட்டில் இதைப் பயன்படுத்தினால், கருவியை உருவியதும் தகட்டின் தடிமன் அளவுக்குத் தளர்ந்துவிடும். உருண்ட கட்டுக்குக் கிளிப்பையே முட்டித் தள்ளி இறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி கருவி: இழுத்து, வெல்ட் வைத்து, வெட்டி, மூன்றையும் ஒரே கருவி செய்யும். கிளிப் வேண்டாம். நாளைக்கு இருபது, முப்பது பண்டல் போகும் மில்லுக்கு இது நிச்சயம் லாபம். இரண்டு, மூன்று பண்டல் மட்டும் போகும் இடத்தில் கை டென்ஷனரும், கிளிப்பை நெரிக்கும் சீலரும் போதும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் பட்டையின் அகலமும் தடிமனும் அதன் வரம்புக்குள் உள்ளனவா? இறுக்கம் எத்தனை நியூட்டன்? (10 நியூட்டனை 1 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம்; 300 கிலோ இறுக்கத்துக்கு 3,000 நியூட்டன் வேண்டும்.) சக்கரமும் வெல்ட் தகடும் உங்கள் ஊரில் ஸ்பேர் கிடைக்குமா?

மரத்தூள்தான் இந்தக் கருவிக்குப் பகை. பல் சக்கரத்தின் பள்ளத்தில் தூள் அடைந்தால் அது பட்டையைப் பிடிக்காமல் சுரண்டும். பட்டையின் மேல் வெள்ளைப் பொடி உதிர்வதைப் பார்த்தால் உடனே நிறுத்தி, கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் காற்றடித்து வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

ரோல் வைக்கும் வண்டியையும் மறக்காதீர்கள். பெட் ரோலின் உள்வட்டம் பொதுவாக 406 மி.மீ., பிபி ரோலுடையது 200 மி.மீ. அளவில். வண்டியைத் தவறாக வாங்கினால் ரோல் தரையில் உருண்டு, மண்ணும் தூளும் ஒட்டிக்கொண்டு வரும். அழுக்குப் பட்டையில் வெல்ட் பிடிக்காது.

## 9. அடிக்கட்டை, மூலைத்தகடு

75 முதல் 100 மி.மீ. உயரமுள்ள அடிக்கட்டைகளைப் போடுங்கள், ஃபோர்க் நுழைய. எல்லாம் ஒரே உயரமாக இருக்கட்டும். பட்டை வரும் இடமும் அடிக்கட்டை இருக்கும் இடமும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இரண்டு கட்டைக்கு நடுவில் பட்டையை இறுக்கினால் கீழ்ப்பலகைகள் வளையும், வளைந்த இடத்தில் இறுக்கமும் போய்விடும். நடுவே ரீப்பர் வைத்து அடுக்கியிருந்தால் அவையும் அதே கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வரட்டும்.

மேல் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு பட்டைக்கும் மூலைத்தகடு வையுங்கள். மரத்தைக் காப்பது இதன் ஒரு வேலை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பட்டை மூலையில் சுலபமாக நழுவினால்தான் மேலே கொடுக்கும் இறுக்கம் பக்கங்களுக்கும் அடிக்கும் போய்ச் சேரும். தகடு இல்லாத கூர் மூலையில் பட்டை கடித்து நின்றுவிடும்; மேலே விறைப்பாகவும் பக்கத்தில் தொளதொளவென்றும் இருக்கும்.

## 10. கட்டும் வரிசை

1. பலகைகளின் ஒரு முனையைத் தட்டிச் சமன் செய்யவும். கட்டிய பின் தட்டினால் பட்டை தளரும்.
2. முதலில் நடுப் பட்டை, பிறகு இரு முனைகள். முனையில் தொடங்கினால் நடுவில் பலகை புடைத்துக்கொள்ளும். இரண்டே பட்டை என்றால் இரண்டையும் பாதி இறுக்கிவிட்டுப் பிறகு முழுதாக இறுக்கவும்.
3. பட்டை அடியில் முறுக்கிக்கொள்ளாமல் வருகிறதா என்று குனிந்து பார்க்கவும். முறுக்கிய இடத்தில்தான் அறும்.
4. இணைப்பு மேற்பரப்பில், மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வரட்டும். மூலையின் மேல் வளைந்த கிளிப் பிடிக்காது.
5. இறுக்கும்போது பட்டையின் கோட்டிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நிற்கவும்.

பட்டை செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். சாய்வாகப் போட்ட பட்டை, குலுக்கலில் தானாக நேராகும். நேரானதும் சுற்றளவு குறைந்து தளரும்.

## 11. முதல் பண்டலைச் சோதிக்கவும்

வெல்டை உற்றுப் பாருங்கள். பட்டையின் முழு அகலத்திலும் ஒரே சீராக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் பிரிந்து விரல்நகம் நுழைந்தால் சூடு போதவில்லை அல்லது தூசி இருந்தது. ஓரங்களில் உருகிய பிளாஸ்டிக் நூல்போலப் பிதுங்கியிருந்தால் சூடு அதிகம். ஒரு மாதிரித் துண்டை வெல்ட் செய்து, இரு பக்கமும் பிடித்து முறுக்கிப் பிரித்துப் பாருங்கள். சுலபமாகப் பிரிந்தால் வெல்ட் நேரத்தை மாற்றி மறுபடி போடுங்கள். புது ரோல் மாட்டும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் தடிமன் ரோலுக்கு ரோல் சற்று மாறும்.

பிறகு பண்டலை ஃபோர்க்லிஃப்டில் தூக்கி, யார்டை ஒரு சுற்று சுற்றி இறக்கவும். மறுநாள் காலையில் பட்டையை விரலால் சுண்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கத்தைக் கூட்டுவதற்கு முன் ஈரத்தையும் மூலைத்தகட்டையும் மறுபடி பாருங்கள்.

## 12. ஏற்றுவதும் அவிழ்ப்பதும்

பண்டல் பட்டை பலகைகளை ஒன்றாக வைத்திருக்கும், வண்டியோடு பிணைக்காது. லாரியில் ராட்செட் பெல்ட் அல்லது கயிறு தனியாகப் போட்டே தீர வேண்டும். பட்டையில் கொக்கி மாட்டிப் பண்டலைத் தூக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கிரேனில் தூக்குவதென்றால் அடியில் பெல்ட் கொடுத்துத் தூக்கவும்.

இறக்கும் இடத்தில் கட்டர் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாரையை நுழைத்து நெம்பி அறுப்பார்கள். பட்டை எந்தப் பக்கம் துள்ளும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. லோடோடு ஒரு கட்டரும், வண்டி ஓட்டுநரிடம் ஒரு குறிப்பும் கொடுத்து அனுப்புங்கள்: "பண்டல் சாய்ந்திருந்தால் முதலில் முட்டுக் கொடுக்கவும். பக்கவாட்டில் நின்று, பட்டையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து வெட்டவும். முனைப் பட்டைகளை வெட்டிவிட்டு நடுப் பட்டையைக் கடைசியில் வெட்டவும்." வெட்டிய ஸ்டீல் பட்டையை உடனே மடித்து ஓரத்தில் போடச் சொல்லுங்கள், தரையில் கிடந்தால் காலையும் டயரையும் அறுக்கும்.